ஸ்டோருக்குள் மணவறை

நுவரெலியாவில் கல்யாண வேலை எடுக்கிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது தேங்காய் எண்ணெயின் குணத்தை. 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கிவிடும். இந்த ஊரின் சராசரி வெப்பநிலையோ 16 பாகையை ஒட்டியது. விடியற்காலை முகூர்த்தத்துக்கு முதல்நாள் இரவே குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றி வைத்தால், காலையில் திரியைச் சுற்றி வெள்ளைக் கட்டிதான் இருக்கும். அதனால் இங்கே மணவறைச் சோடனை செய்யும் ஒருவர் நல்லெண்ணெய் தவிர வேறெதையும் விளக்கில் ஊற்ற விடுவதில்லை. ஓமத்துக்கான நெய்யும் அப்படித்தான். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை இறக்கி, ஐயரின் கைக்கு எட்டுகிற இடத்தில் அவரே கொண்டுபோய் வைப்பார்.

வாழையும் தென்னையும் இந்த உயரத்துக்கு ஒத்துவராத மரங்கள். வாசலில் கட்டும் குலை வாழை கம்பளை, கொத்மலைப் பக்கமிருந்து லொறியில் மலையேறி வருகிறது. தென்னங்குருத்தும் நிறைகுடத்துத் தேங்காயும் குருநாகல் பக்கத்துச் சரக்கு. மாவிலைக்கும் கீழேதான் போக வேண்டும். மலை தருவது பூக்களை: கார்னேஷன், லில்லி, ஜெர்பரா, செவ்வந்தி. கொழும்பில் மதியத்துக்குள் தலை சாயும் பூ இங்கே மூன்று நாளானாலும் விறைப்பாக நிற்கும். குளிர் எண்ணெயைக் கெடுக்கும், பூவைக் காக்கும். இந்தக் கணக்கு பிடிபட்டவருக்குத்தான் மலையில் சோடனை கைவரும்.

இந்தச் சோடனைக்காரருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை மண்டபங்கள் அல்ல, ஸ்டோர்கள். மலையகத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. அவருடைய அப்பா ஒரு தோட்டத்து ஸ்டோரில் ரோதையில், அதாவது இயந்திரத்தில், வேலை பார்த்தவர், அம்மா கொழுந்து எடுத்தவர். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, பந்தல் கட்டும் ஒருவரிடம் கயிறு பிடிக்கப் போய், மெல்லத் தொழில் பழகியவர். மூடிக் கிடந்த ஸ்டோர்கள் ஹோட்டலாகவும் விருந்து மண்டபமாகவும் மாறத் தொடங்கியபோது, அந்தக் கட்டடங்களை உள்ளிருந்து அறிந்த சோடனைக்காரர்கள் அதிகம் பேர் இல்லை. அவருக்கு மட்டும் எந்தச் சுவரில் தண்டு ஓடியது, எந்தத் தளம் பாரம் தாங்கும், எந்தச் சன்னலைத் திறந்தால் காற்று எங்கே போகும் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே பழக்கம். சாப்பாட்டு வாளியோடு அப்பாவைத் தேடிப் போன பையனுக்கு அந்த அறிவு தானாக வந்தது.

இப்படி மாறிய ஸ்டோர்களில் மலையகத்தின் பெயர்பெற்ற உதாரணம் கந்தப்பளையில் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகிற பாதையில், 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஹெதர்செட் தோட்டத்தின் ஸ்டோர். 1973-இல் அது மூடப்பட்டது. அந்த ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 1972-இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975-இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல்கள் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. ரோதை நின்ற ஸ்டோரும் ஆள் குறைந்த லயமும் அன்று மலையில் பல இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கட்டடம் சும்மா கிடந்தது. எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனத்தின் ஜி. சி. விக்ரமசிங்க அதைப் பார்த்து ஹோட்டலாக்கலாம் என்று நினைத்தார். கட்டடக்கலைஞர் நிஹால் போதிநாயக்க வடிவமைத்தார். 1996-இல் திறந்தார்கள். இன்று அதன் பெயர் ஹெரிட்டன்ஸ் டீ ஃபேக்டரி. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. வெளித்தோற்றமும் எஃகுச் சட்டமும் வரிசைச் சன்னல்களும் மரத்தளங்களும் அப்படியே நின்றன. கொழுந்து வாட்டிய மாடிகள் தங்கும் அறைகளாயின. மாடிக்குக் காற்று இழுத்த பெரிய விசிறிகளும், அத்தனை இயந்திரத்தையும் சுழற்றிய எண்ணெய் எஞ்சினும் உள்ளேயே இருக்கின்றன. வளாகத்தில் சிறிய அளவில் தேயிலையும் செய்கிறார்கள். பழைய ரயில் பெட்டி ஒன்று உணவகமாக நிற்கிறது. பெட்டி அங்கே நிற்பதற்கு ஊரின் வரலாற்றிலேயே நியாயம் உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயில் ஓடியது. 1903, 1904-இல் போட்ட பாதை அது, 1940-களில் மூடப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் இந்த ஹோட்டலுக்கும் இடம் கிடைத்தது.

அந்த ஹோட்டலின் புல்வெளியில், சுற்றிலும் தேயிலைச் செடி பச்சையாக இறங்கிப் போக, மாலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சோடனைக்காரருக்கு ஆரம்பத்திலேயே ஒரு பேச்சு உண்டு. கட்டடத்தை மறைக்கிற வேலையை அவர் எடுக்கமாட்டார். மறைக்கத்தான் வேண்டும் என்றால் நுவரெலியாவில் வேறு நல்ல மண்டபங்கள் இருக்கின்றன, அங்கே செலவும் குறைவு என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

ஒரு ஸ்டோர் ஏன் அந்த உருவத்தில் இருக்கிறது என்பதிலிருந்துதான் அவருடைய வேலை தொடங்குகிறது. 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது இப்படிக் கட்டடம் எதுவும் கிடையாது. கோப்பியை இலைநோய் அழித்து, மலை முழுவதும் தேயிலையான பிறகு, இயந்திரங்கள்தான் கட்டடத்துக்கு உருவம் கொடுத்தன. வில்லியம் ஜாக்சன் கொழுந்தைச் சுருட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். பெல்ஃபாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் சிரோக்கோ உலர்த்தியைச் செய்தார். ஆயிரக்கணக்கான கிலோ எடையும் அதிர்வும் உள்ள அவற்றைக் கீழ்த்தளத்தில், நிலத்தோடு ஒட்டிய காரைத் தரையில்தான் வைக்க முடியும். கொழுந்து வாட்டுவது மேல் மாடிகளில். சாக்குத்துணித் தட்டுகளை அடுக்கடுக்காக இழுத்துக் கட்டி, கொழுந்தை மெல்லிசாகத் தூவி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம்வரை விட்டுவைப்பார்கள். நிறையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான ஈரம் போய்விடும். வெயில் இல்லாத நாளில் கீழே உலர்த்தியின் சூட்டை விசிறி மேலே இழுக்கும். அதற்காகத்தான் அத்தனை சன்னல்கள். பல ஸ்டோர்கள் காற்று வாங்கும் முகடுகளில் உட்கார்ந்திருப்பதற்கும் அதுவே காரணம்.

பிற்காலத்தில் விசிறி பொருத்திய நீளத் தொட்டிகள் வந்தன. ஒரே தளத்தில் அதிகக் கொழுந்தை வாட்ட முடிந்ததால் மேல் மாடிகளின் தேவை குறைந்தது. சின்ன ஸ்டோர்களை மூடி, கொழுந்தைப் பெரிய ஸ்டோருக்கு லொறியில் அனுப்பினார்கள். காலி மாடிகள் மிஞ்சின.

இந்த வரலாறு கல்யாண வீட்டாருக்கு எதற்கு? பாரத்துக்காக. மெல்லிசாகத் தூவிய கொழுந்தையும் அதை விரிக்கிற சில ஆட்களையும் தாங்குவதற்கு என்று போட்ட மரத்தளத்தின் மேல் முந்நூறு பேர் ஏறினால் கணக்கே வேறு. ஆட்கள் கூடி ஆடுகிற இடத்துக்குப் பிரித்தானியப் பொறியாளர்கள் வைக்கும் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 500 கிலோ. பழைய வாட்டு மாடி எதையும் பொறியாளர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் அவர் தொடமாட்டார். தமிழ்க் கல்யாணத்தில் இதற்கு ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது. கெட்டிமேளம் முழங்கியதும் பின்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து, அட்சதையோடு மணவறையை நோக்கி முன்னால் வருவார்கள். அறை முழுக்கப் பரவியிருந்த பாரம் ஒரு நிமிடத்துக்குள் ஒரு மூலைக்கு வந்து சேரும். மேடை எங்கே என்பதைப் படத்தின் அழகைப் பார்த்து முடிவு செய்பவர்களுக்கு இது தெரிவதில்லை. மணவறை எப்போதும் ரோதை நின்ற இடத்தில்தான், கீழே, காரைத் தரையில். அந்த இடத்துக்கு அதிரத் தெரியும், தாங்கத் தெரியும் என்பது அவருடைய வாதம். மேல் மாடியில் வேண்டுமானால் புகைப்படக் கண்காட்சி, தாம்பூலப் பை, பெரியவர்கள் உட்கார்ந்து பேச நாலு நாற்காலி.

அடுத்தது நெருப்பு. ஓமம் இல்லாமல் கல்யாணம் இல்லை. மரத்தளமும் மரச் சட்டமும் உள்ள கட்டடத்தில் ஓமம் என்றால் நிர்வாகம் தயங்குவது நியாயமே. புகை கண்டுபிடிக்கும் கருவிக்குச் சமித்துப் புகையும் சாம்பிராணியும் தீ விபத்தும் ஒன்றுதான். சில இடங்களில் கருவியின் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடும் வழக்கத்தை அவர் பார்த்திருக்கிறார். இந்தத் தொழிலில் அவருக்குக் கோபம் வரும் இடங்களில் அது ஒன்று. கட்டிய பையை அவிழ்க்க மறந்துவிட்டு, இரவு விருந்தினர் தூங்கும்போது எங்கோ ஒரு மின்கம்பி புகைந்தால் யார் பொறுப்பு? அவருடைய முறைக்கு நேரமும் ஆளும் வேண்டும். ஓமம் நடக்கும் பகுதியின் கருவியை மட்டும் நிர்வாகத்தின் ஆளே, எழுத்தில் பதிந்து, குறித்த நேரத்துக்கு நிறுத்தி வைப்பார். அந்த நேரம் முழுக்க ஒருவர் தீயணைப்பானோடு நிற்பார். வேறு எந்த வேலையும் அவருக்குக் கிடையாது, சந்தனம் நீட்டக்கூட அவரைக் கூப்பிடக் கூடாது. ஓமகுண்டத்துக்கு அடியில் மணல் நிரப்பிய இரும்புத் தட்டு, அதற்கும் கீழே செங்கல். நன்றாகக் காய்ந்த, விரல் நீளச் சமித்துகள் மட்டும். ஈர விறகு புகையும், காய்ந்தது எரியும். ஐயரோடு முதல்நாளே இதைப் பேசிவிடுவார். "சாமி, நெய்யைக் கொஞ்சம் அளந்து விடுங்க, மந்திரத்துல ஒண்ணும் குறைய வேணாம்" என்பார். மலையின் ஐயர்களும் இப்போது பழகிவிட்டார்கள். மழையும் காற்றும் இல்லாத நாளாக இருந்தால் ஓமத்தை வெளியே, புல்வெளிப் பந்தலில் வைத்துக்கொண்டு, மற்றதை உள்ளே நடத்துவதே நல்லது.

காற்று என்றதும் வைகாசி நினைவுக்கு வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் மாதம், கல்யாண மாதமும் கூட. கொழுந்து வாடட்டும் என்று முகட்டைத் தேடிக் கட்டிய கட்டடத்தின் முற்றத்தில் துணிப் பந்தல் போட்டால், அதே காற்று பந்தலைப் பிடுங்கும். ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் துளை போடக் கூடாது, பழைய மரத்தில் கம்பி சுற்றக் கூடாது. இவை அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதிகள். ஆகவே அவருடைய மணவறை தன் காலிலேயே நிற்கும். இரும்புக் குழாய்ச் சட்டம், அடியில் மணல் மூட்டை, மூலைக்கு மூலை இழுகயிறு. நாலு பக்கமும் துணி கட்டி அடைக்கமாட்டார். காற்று புகுந்து போக வழி விட்டால் பந்தல் நிற்கும்.

பழைய ஸ்டோர் சிலவற்றில் கூரைக்குக் கீழே நீளத்துக்கும் ஓர் இரும்புத் தண்டு ஓடும். ஒரே எஞ்சின் அந்தத் தண்டைச் சுழற்ற, தண்டிலிருந்து தோல் வார்கள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓட்டின. புகைப்படக்காரர்களுக்கு அந்தத் தண்டு கண்ணில் பட்டதும் பூமாலை, விளக்குச் சரம், கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் அதில் தொங்கவிட ஆசை வரும். சுழல்வதற்குச் செய்த தண்டு அது. தொங்கும் பாரத்துக்குச் செய்ததல்ல; அதைத் தாங்கும் கைகள் எத்தனை ஆண்டாகத் துருப்பிடித்திருக்கின்றன என்று கீழே நின்று பார்த்தால் தெரியாது. விளக்கை அவர் தரையிலிருந்து மேல்நோக்கி அடிக்கிறார். தண்டும் சக்கரமும் நிழலோடு சேர்ந்து சுவரில் ஏறும்போது, பூவே கட்டாத கூரைக்கு ஒரு களை வந்துவிடுகிறது. சோடனை குறையக் குறைய ஸ்டோர் அழகாகும் என்பது இந்தத் தொழிலில் அவர் கண்டுகொண்ட பெரிய விஷயம். நேரில் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் வராது.

இன்னொரு மாவட்டத்தில் ஒரு ஸ்டோர். பெயர் வேண்டாம். உரிமையாளர் கீழ்த்தளத்தைப் பெருக்கி, சுண்ணாம்பு அடித்து, விருந்துகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார். பெரிய விளக்குகளை ஏற்றிச் சோதித்துப் பார்த்த மாலையில், அரை மணி நேரத்தில் அறை முழுக்கத் தேயிலை வாசம். வந்தவர்கள் எல்லாரும் மெய்மறந்து மூச்சை இழுத்தார்கள். அவர் விளக்கை அணைக்கச் சொன்னார். தேயிலை அரைத்துச் சலிக்கும்போது பஞ்சுபோன்ற நுண்தூசி பறக்கும். அது விட்டத்தின் மேலும் பலகை இடுக்கிலும் ஆண்டுக்கணக்கில் படிந்து கிடக்கும். நல்ல காய்ந்த தூசி, தீப்பிடிக்கும் சரக்கு. விளக்கின் சூடு அதைத் தொட்டதால் வந்த வாசம் அது. துடைத்து உறிஞ்சி எடுக்கும் வேலைக்குக் காசு ஒதுக்க அந்த உரிமையாளர் சம்மதிக்கவில்லை, இவரும் அந்தக் கல்யாணத்தை எடுக்கவில்லை. கட்டடத்தைப் பொது உபயோகத்துக்கு விடும் எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று அதற்குப் பிறகு எல்லாரிடமும் வற்புறுத்துகிறார். சுண்ணாம்பு அடிப்பதெல்லாம் பிறகு.

மரத்தளத்துக்கு அவர் செய்யும் மரியாதைகள் வேறு சில உண்டு. அட்சதை அரிசி பலகை இடுக்கில் விழுந்தால் எலி வரும். ஆகவே பலகைக்கு மேல் நெருக்கமாக நெய்த சமுக்காளம். மஞ்சள், குங்குமம், வெற்றிலைச் சாறு மூன்றும் பழைய மரத்தில் ஊறினால் போகாது. ஆரத்தித் தட்டு எடுக்கும் பெண்களுக்குக் காரைத் தரையில் ஓரிடம் கோலம் போட்டுத் தனியாகக் குறித்து வைத்திருப்பார். தகரக் கூரையில் மழை விழுந்தால் மந்திரம் கேட்காது, நாதஸ்வரமும் கேட்காது, தவில் மட்டும் கேட்கும். அதற்கு ஐயரின் தோளில் சின்ன ஒலிவாங்கி. தகரச் சுவர் சத்தத்தைத் திருப்பி அடிப்பதால், ஒலிபெருக்கியைப் பெரிதாக்காமல் சிறியதாகப் பல இடத்தில் வைப்பார்.

விடியற்காலை முகூர்த்தம் ஸ்டோருக்குப் புதிதல்ல. வாடிய கொழுந்தை இரவிலும் விடியலுக்கு முன்னும் அரைக்கத் தொடங்குவதுதான் பழைய நடைமுறை. ஊர் தூங்கும்போது ஸ்டோர் சன்னல்கள் மட்டும் மஞ்சளாக எரிந்ததை அவர் லயத்து வாசலில் நின்று பார்த்திருக்கிறார். வேலை தொடங்கும் முன் ஸ்டோர்க்காரர்கள் ரோதமுனியைக் கும்பிடுவார்கள். இயந்திரத்தில் கை போகாமல் காக்கிற சாமி. அவர் எந்த ஸ்டோரில் மணவறை இறக்கினாலும், முதல் குழாயை நிமிர்த்தும் முன், ரோதை நின்ற திசையில் ஒரு கற்பூரம் காட்டுகிறார். அவரிடம் வேலை செய்யும் பையன்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது தீப்பெட்டியை அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

சாயலைப் பற்றிய பேச்சுத்தான் இந்த வேலையில் மிகக் கடினம். ஸ்டோரில் கல்யாணம் என்றதும் பலருக்குத் துரைமார் காலம் கண்ணில் வந்துவிடுகிறது. வெள்ளைத் தொப்பி, வெண்கலப் பூச்சாடி, பங்களாத் திரைச்சீலை. கந்தப்பளையில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் கொழும்பில் இருந்தாலும் வேர் தோட்டத்தில்தான். வாசலில் நாலு பெண்களுக்குக் கொழுந்து எடுப்பவர்கள் மாதிரிச் சேலை கட்டி, தலையில் கயிறும் முதுகில் கூடையும் மாட்டி, வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்க வைக்கலாம் என்று யாரோ அவர்களுக்கு யோசனை கொடுத்திருந்தார்கள். சோடனைக்காரர் பெண்ணின் தாயாரிடம் தனியாகப் பேசினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எங்கம்மா அந்தக் கயித்தத் தலையில மாட்டி மாட்டி நெத்திக்கு மேல முடி போயிருச்சு. அத வேஷமா நிறுத்த எனக்கு மனசு வரல."

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் தாய்க்கும் அப்படித்தான் என்றார். கூடை வேண்டாம் என்று முடிவானது. பதிலாக, சாப்பாட்டு மேசைகளுக்கு இரண்டு குடும்பத்தாரும் வேலை பார்த்த தோட்டங்களின் பெயர்களை எழுதி வைத்தார்கள்: பார்க், கோட்லோஜ், கொங்கோடியா என்று வரிசையாக. ஆட்கள் தத்தம் தோட்டத்து மேசையைத் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். ஒரே தோட்டத்தில் பிறந்து வேறு வேறு நாட்டுக்குப் போனவர்கள் அங்கே ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். சோடனை என்ற வேலையில் இதைவிடச் சிறந்ததாக எதையும் செய்ததாக அவருக்கு நினைவில்லை. இதற்குச் செலவு, எழுதிய அட்டைகளுக்கு மட்டும்.

அந்தக் கல்யாணத்துக்குக் கோத்தகிரியிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். எழுபதுகளில் கப்பலேறிப் போனவர்கள். தமிழ்நாட்டில் தாயகம் திரும்பியோருக்காக அரசு தொடங்கிய டான்டீ தோட்டங்களில், நீலகிரியில், மறுபடியும் தேயிலையோடேயே வாழ்ந்தவர்கள். அவர்களில் ஒரு பெரியவர், சிறு வயதில் வேறொரு தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து விரிக்கிற பையனாக இருந்தவர், மாடிப்படி ஏறிப் போய் ஒரு சன்னல் கொக்கியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, மழ இருட்டுனா மொதல்ல நாங்க ஓடியாறது இந்தச் சன்னலச் சாத்தத்தான். ஒண்ணு தொறந்து கெடந்தாலும் டீமேக்கர் ஐயா கத்துவாரு."

"எல்லா ஸ்டோருலயும் இதே கொக்கிதானா தாத்தா?"

"எங்க ஸ்டோருல இதேதான். மேல தட்டி, அப்பறம் இழுக்கணும். பாரு."

அவர் காட்டிய மாதிரி இழுத்ததும் சன்னல் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அதுவரை சோடனைக்காரரும் பையன்களும் அந்த வகைக் கொக்கியோடு மல்லுக்கட்டித்தான் பழக்கம். இப்படி ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது ஒரு பழைய ஸ்டோர்க்காரர் அகப்படுவார். அவரிடம் கேட்டு எழுதிக்கொள்வது சோடனைக்காரரின் வழக்கமாகிவிட்டது. கட்டடம் எப்படி வேலை செய்தது என்ற அறிவு இந்த மனிதர்களிடம்தான் மிச்சமிருக்கிறது. கட்டடத்தை மாற்றுகிறவர்கள் படம் வரைவதற்கு முன் இவர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் கூட நடந்தால், எத்தனையோ வீண் செலவு குறையும்.

பழைய ஸ்டோரைக் காப்பதற்குக் கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் இன்னொரு வழி இருக்கிறது. 1925-இல் கட்டி, பிறகு கைவிடப்பட்டுக் கிடந்த நான்கு மாடி ஸ்டோரை 2001-இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கீழே எஞ்சின்கள், சுருட்டும் இயந்திரங்கள், உலர்த்திகள் எல்லாம் பெயரோடு நிற்கின்றன. மேல் மாடியில் தேநீர் குடித்துக்கொண்டு மலையைப் பார்க்கலாம். விருந்துக்கு ஒதுக்கும் ஸ்டோர்களும் ஒரு மூலையையாவது இப்படி விட்டுவைக்க வேண்டும் என்று அவர் கேட்கிறார். அந்த மூலையில் துரையின் பெயரோடு நிறுத்திவிடாமல் கங்காணி, கணக்கப்பிள்ளை, கொழுந்து எடுத்தவர்கள், ரோதைக்காரர்கள் ஆகியோரின் வேலையும் எழுதப்பட வேண்டும். 2023-இல் மலையகம் இருநூறு ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்துவந்த வழி அது. நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் காசு கொடுத்து ஸ்டோரில் கல்யாணம் செய்கிறார்கள். அவர்கள் அந்தச் சுவரில் தங்கள் ஆட்களைத் தேடுவது இயல்பு.

சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது 2021-இல்தான், அதுவும் ஆண்டுக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு. ஒரு மணவறைப் பூவின் செலவு என்ன என்று தெரிந்தவருக்கு அந்தச் செலவும் தொழிலாளியின் சம்பளமும் ஒரே மலையில் இருப்பது உறுத்தாமல் இருக்காது. அவருக்கு உறுத்துகிறது. அதனால் ஸ்டோரில் எடுக்கும் எந்த வேலைக்கும் அந்தத் தோட்டத்து இளைஞர்களைத்தான் முதலில் கூப்பிடுகிறார். குழாய் பொருத்துவது, மின்கம்பி இழுப்பது, பூக்கட்டுவது, விளக்கு அமைப்பது என்று பழக்கிவிடுகிறார். அவரிடம் பழகி, சொந்தமாக லொறி வாங்கித் தனியாக வேலை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். போட்டிதான், அதில் அவருக்கு மகிழ்ச்சி.

இப்போது அவரை அரிப்பது பழைய இரும்பு வியாபாரம். மூடிய ஸ்டோர்களில் முதலில் போவது இயந்திரங்கள். ஜாக்சன் உருளைகளும் சிரோக்கோ உலர்த்திகளும் எடைக்குப் போகின்றன. பிறகு தண்டு, பிறகு தளப்பலகை. கடைசியில் தகரம். எல்லாம் போன பிறகு யாராவது கல்யாண மண்டபமாக்க வந்தால், அங்கே நாலு தூணுக்கு மேல் ஒன்றும் இராது. அந்தந்த ஊர் ஸ்டோரில் எந்தத் தளம் உறுதி, எஞ்சின் எங்கே நின்றது, சன்னல் எப்படித் திறக்கும், தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று பழையவர்களிடம் கேட்டதையெல்லாம் அவர் கொப்பிகளில் படத்தோடு வரைந்து வருகிறார். வரைகலை படித்த ஒரு பெண், லயத்தில் வளர்ந்தவள்தான், அதைக் கணினியில் ஏற்றித் தருகிறாள். தோட்ட நிர்வாகம் ஒன்று அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் ஸ்டோரின் மேல் மாடியைப் பிரித்து விற்கும் யோசனையைத் தள்ளி வைத்திருக்கிறது. தை மாதத்துக்கு முன் பொறியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு அங்கே போக வேண்டும். விட்டங்களில் படிந்த தூசியை யார் எடுப்பது, அதற்கு யார் காசு கொடுப்பது என்பதைத்தான் முதலில் பேச இருக்கிறார்.